கடைசிக் கவிதைக்கு வந்த கூட்டம்

உரக்கடையில் ஐம்பது, பாத்திரக்கடையில் ஐம்பது, ஆட்டோ ஸ்டாண்டில் இருபது என்று மூன்று நாள் வெயிலில் அலைந்து நோட்டீஸ் கொடுத்திருந்தார் சுப்புராயன். இப்போது மேடை ஓரத்தில் நின்று, காலியாகிக்கொண்டிருந்த நாற்காலிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் இருந்தது அந்தச் சின்ன மண்டபம். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் சுப்புராயன்தான் ஊர்க் கவிமன்றத்துக்குச் செயலாளர். அன்றைய மாலைக் கவியரங்கத்தில் மொத்தம் ஒன்பது பேர்.

ஒவ்வொரு கவிஞரும் தன் வீட்டாரையும் நண்பர்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். வழக்கப்படி ஒவ்வொரு வரியையும் இரண்டு முறை படித்தார். சால்வை போட்டுக்கொண்டு படமும் எடுத்துக்கொண்டதும், கூட்டிவந்த கூட்டத்தோடு கிளம்பிவிட்டார்.

எட்டாவதாகப் படித்த கலையரசன், வீட்டுக்கு விருந்தாளி வந்திருப்பதாகச் சொல்லிவிட்டு நழுவினார். போன மாதமும் அவருக்கு அதே விருந்தாளிதான் வந்திருந்தார்.

மிச்சம் இருந்தது பூமாலை மட்டும்தான். வெள்ளிமலைக்குப் பக்கத்துச் சிற்றூரில் கூலிக்குக் களை எடுக்கிறவள். மகளின் பழைய நோட்டில் எழுதாமல் விட்ட தாள்களில் கவிதை எழுதித் தபாலில் அனுப்பியிருந்தாள். மேடை ஏறுவது இதுதான் முதல் தடவை.

வெளியூர்க்காரரைக் கடைசியில் படிக்க வைப்பது அந்த மன்றத்தின் மரியாதை. சாயங்காலம் வந்தவுடனே அவள் தயங்கித் தயங்கிக் கேட்டிருந்தாள்.

"சார், நான் முன்னாடி படிச்சிட்டுப் போயிடட்டுங்களா? ஏழரைக்கு எங்களுக்குக் கடைசி பஸ்ஸு."

அழைப்பிதழில் வரிசை அச்சாகிவிட்டது என்று சுப்புராயன் சொல்லிவிட்டார். ஆறரைக்குள் முடிந்துவிடும் என்று நம்பித்தான் சொன்னார். ஆனால் மைக் கைக்கு வந்த கவிஞர்கள் யாரும் அதை லேசில் விடவில்லை.

ஏழேகாலுக்குப் பூமாலை எழுந்து வெளியே போனாள். கோபித்துக்கொண்டு ஊருக்குக் கிளம்பிவிட்டாள் என்றே அவர் நினைத்தார். மரியாதை செய்கிறேன் என்று ஒரு ஏழையின் மனசை நோகடித்துவிட்டோமே என்று அவருக்கு உறுத்தியது.

பத்து நிமிஷத்தில் அவள் திரும்பி வந்தாள். இன்றைக்கு வரமாட்டேன் என்று மகளிடம் சொல்லச் சொல்லி, பஸ்ஸில் உட்கார்ந்திருந்த பக்கத்து வீட்டுக்காரியிடம் சேதி சொல்லிவிட்டு வந்தாளாம்.

"வண்டி போவட்டும் சார். காலைல மொத வண்டிக்குப் போய்க்கறேன். ஒரு ஆளு கேட்டாகூடப் போதும், படிச்சிட்டுத்தான் போவேன்."

ராத்திரிக்குத் தன் வீட்டிலேயே தங்கிக்கொள்ளலாம் என்றார் சுப்புராயன். ஆனால் அவள் சொன்ன அந்த ஒரு ஆளும் மைக்செட்காரர்தான் என்பதைச் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. மனசுக்குள் முருகனை நினைத்துக்கொண்டு, நிறைந்த அவைக்கு அறிவிப்பதுபோல அவள் பெயரை அறிவித்தார்.

அப்போதுதான் வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

ஒருவர் பின் ஒருவராக உள்ளே வந்தார்கள். முப்பது பேருக்குக் குறையாது. ஒருவர் உர மூட்டையை வாசலில் சாய்த்துவிட்டு வந்தார். ஒரு பெண் புதுக் குடத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். காக்கிச் சட்டைக்காரர் இரண்டு பேர் கடைசி வரிசையில் அமர்ந்தார்கள்.

உரக்கடை, பாத்திரக்கடை, ஆட்டோ ஸ்டாண்ட். சுப்புராயன் மனசுக்குள் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு நோட்டீஸ்கூட வீண்போகவில்லை. பெரியவர் ஒருவர் பக்கத்து நாற்காலியில் துண்டைப் போட்டு வேறு இடம் பிடித்தார். காலி மண்டபத்திலும் இடம் பிடிக்கிற அளவுக்குக் கவிதை மேல் ஆசை.

பூமாலை மைக்குக்கு முன்னால் நின்று அவர்களையே பார்த்தாள். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

முதல் மேடைக் கூச்சம் என்று நினைத்த சுப்புராயன், கிட்டே போய் மெதுவாகச் சொன்னார். "பயப்படாதீங்கம்மா. எல்லாம் நம்ம ஜனங்கதான்."

அவள் தலையாட்டிவிட்டுப் படிக்க ஆரம்பித்தாள்.

"சாமை வெதைச்ச நாளு
மழைக்கு யாரும் சொல்லி அனுப்பல.
தானா வந்துச்சு மழை,
யாரு கொல்லைன்னு கேக்கல."

புதுக் குடத்துக்காரி, "இன்னொரு தபா சொல்லு பூமாலை" என்றாள்.

பெயரைக்கூட நினைவில் வைத்திருக்கிறார்களே என்று சுப்புராயன் பூரித்துப்போனார். நோட்டீஸில் அதைத் தடித்த எழுத்தில் போட்டது எவ்வளவு நல்லதாய்ப் போயிற்று.

நாலு கவிதை படித்தாள். ஒவ்வொன்றுக்கும் கைதட்டல் கூரையில் மோதித் திரும்பியது. சால்வையைப் போர்த்தும்போது அவள் முகத்தைப் பார்த்தார் சுப்புராயன். இருபது வருஷம் மன்றம் நடத்தியதற்கு இந்த ஒரு முகம் போதும் என்றிருந்தது.

இப்படி ஒரு கூட்டம் இனி எப்போது வாய்க்கப்போகிறது? சட்டைப் பையிலிருந்து நான்கு பக்க நன்றியுரையை எடுத்துப் பிரித்தார். நோட்டீஸைப் படித்து, மதித்து, வேலையை விட்டுவிட்டு வந்திருக்கும் கவிதை அன்பர்களுக்கு, என்று தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

கடைசி வரிசையில் ஒரு காக்கிச் சட்டைக்காரர் எழுந்து, பணிவாகக் கையைத் தூக்கினார்.

"நன்றிய கொஞ்சம் கம்மி பண்ணிக்கங்க சார். வெள்ளிமலை கடைசி பஸ்ஸு மொத்தமும் இங்கதான் குந்திக்கினு இருக்குது."