எங்கேயோ கேட்ட செபம்

"இது அவ எழுதினதே இல்ல. எங்கேயோ காப்பி அடிச்சிருக்கா."

ஜெசிந்தா அந்தத் தாளைக் கணவர் முன்னால் போட்டார்.

ரேமண்ட் தோசையிலிருந்து கையை எடுக்கவில்லை. "எதை வச்சுச் சொல்றே?"

"படிச்சதுமே தெரிஞ்சுபோச்சு. இந்த வரியை நான் எங்கேயோ கேட்டிருக்கேன்."

கிள்ளானில் அவர்கள் போகும் சூசையப்பர் சிற்றாலயத்துக்கென்று தனியாக ஒரு நவநாள் செபம் கிடையாது. மே முதல் தேதி திருவிழாவுக்குள் புதிதாக ஒன்று வேண்டும் என்று ஃபாதர் டொமினிக் அறிவித்தபோது, அது தன்னிடம்தான் வரும் என்று ஜெசிந்தா இருந்தார். புதன்கிழமை செபமாலையை முன்னால் நின்று சொல்வது அவர்தானே. எழுதியும் கொடுத்தார். "மகா மகிமை பொருந்திய பிதாப்பிதாவாகிய சூசையப்பரே" என்று ஆரம்பித்து, இரண்டு பக்கம்.

ஃபாதருக்குப் பிடித்தது தாமரை எழுதியது.

"ஞானஸ்நானம் வாங்கி ரெண்டு ஈஸ்டர்கூட ஆகல. சிலுவை போடறப்ப எந்தத் தோள் முதல்லன்னு இன்னும் தடுமாறுவா. அவ எழுதுவாளாம், பரம்பரைக் கத்தோலிக்கருங்க நாங்க ஆமென் சொல்லணுமாம்."

"அப்ப பொறாமைன்னு சொல்லு."

"பொறாமை என்னத்துக்கு? உண்மை வெளியே வரணும். அவ்வளவுதான்."

அவர் அடிக்கோடு போட்டிருந்த வரியை ரேமண்ட் வாய்விட்டுப் படித்தார்.

"சூசையப்பரே, வேதத்தில் நீர் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. எங்களுக்கும் வார்த்தை வேண்டாம். சும்மா பக்கத்தில் வந்து உட்காரும். அது போதும்."

"நல்லாத்தானே இருக்கு, ஜெசி?"

"நல்லாருக்கு. அதான் சொல்றேன், அவளுக்கு வராது."

வீட்டில் இருந்த பழைய செபப் புத்தகங்களையெல்லாம் அலமாரியிலிருந்து இறக்கினார். அந்த வரி இல்லை. வெயிலுக்குத் தன் நீலக் குடையை எடுத்துக்கொண்டு, கொமுட்டர் ரயில் ஏறி, பிரிக்ஃபீல்ட்ஸில் செபப் புத்தகம் விற்கும் கடைக்கே போய்விட்டார்.

கடைக்காரர் படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். "புத்தகத்துல உள்ளது மாதிரி தெரியல ஆன்டி. யாரோ வாயில தானா வந்த மாதிரி இருக்கு லா."

"உங்களுக்குத் தெரியலன்னு சொல்லுங்க, அண்ணே."

ஞாயிறு பூசை முடிந்ததும் கேன்டீனில் ஃபாதர் நுரை பொங்க ஆற்றிய தேத்தாரே டீ குடித்துக்கொண்டிருந்தார். எதிரில் தாமரை. ஜெசிந்தா நேராகப் போய்க் குடையை அந்த மேசைமேல் வைத்தார்.

"ஃபாதர், நாளைக்கு இது பிரிண்டுக்குப் போகுது. அதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்கணும். இந்த வரி தாமரை சொந்தமா எழுதினதா?"

ஃபாதர் தாமரையைப் பார்த்தார்.

தாமரை தலையைக் குனிந்துகொண்டாள். "இல்லக்கா. அது மட்டும் என்னோடது இல்ல."

ஜெசிந்தாவுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. பக்கத்து மேசைக்கும் கேட்கட்டும் என்று குரலைக் கொஞ்சம் உயர்த்தினார்.

"பாத்தீங்களா ஃபாதர்? இன்னொருத்தங்க செபத்தை எடுத்துத் தன் பேர்ல போட்டுக்கறது திருட்டு இல்லையா?"

"பேரே போட வேண்டாம்னு சொன்னவங்க அவங்கதான், ஆன்டி."

"அப்ப யாரோடதுன்னு சொல்லட்டும்."

தாமரை டம்ளரைத் தள்ளி வைத்தாள்.

"என் வீட்டுக்காரரு ஆஸ்பத்திரில கடைசியா கிடந்தப்ப, பக்கத்துக் கட்டில்ல யாரையோ பாக்க ஒருத்தங்க வந்தாங்க. நான் யாருன்னே அவங்களுக்குத் தெரியாது. நெத்தி நிறையத் திருநீறோட உட்கார்ந்திருக்கேன். எங்கிட்ட என்ன பேசறதுன்னு தெரியல போல. என் கையைப் புடிச்சிட்டு இதைத்தான் சொன்னாங்க. சொல்லிட்டு, பொழுது சாயற வரைக்கும் எழுந்திரிக்கவே இல்ல. அவரு போனப்ப நான் தனியா இல்ல. அதுக்கப்புறம்தான் சூசையப்பரு யாருன்னு கேட்டுட்டு இந்தக் கோயிலுக்கு வந்தேன்."

"யாரு அது? நம்ம பங்குக் கோயில் ஆளா?" ஜெசிந்தா விடவில்லை.

"ஆமாக்கா. வாராவாரம் யாராவது நோயாளியைப் பாக்கப் போறவங்க. எத்தனை பேரைத்தான் ஞாபகம் வச்சுக்க முடியும்? நான் சொல்லிக் காட்டக் கூடாது, வரியைப் பாத்தா அவங்களுக்கே ஞாபகம் வரும்னு இருந்தேன்."

"பேரைச் சொல்லு, தாமரை."

தாமரை மேசைமேல் இருந்த குடையைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் இதே நீலக் குடைதான் கொண்டு வந்திருந்தீங்க."

ஜெசிந்தா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

தாமரை எழுந்து வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு, அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.