பக்கத்து சீட்டு

“முதலாளி, ஒண்ணு அந்தம்மா இருக்கணும். இல்ல நான் இருக்கணும்!”

ஹெல்மெட்டை மேஜை மேல் டொம்மென்று வைத்தார் ஹதனகா.

நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டிருந்த குரோஸே நிமிர்ந்தார். பந்தயக் கார், கராஜ், கடன் எல்லாம் அவருடையது.

“சயோகோ இப்ப என்னய்யா பண்ணிச்சு?”

“பேசுது! வாய் ஓயாம பேசுது. பக்கத்து சீட்டுல உட்கார்ந்து ‘வலது நாலு, இடது மூணு’ன்னு வளைவு எவ்ளோ கூர்மைன்னு நோட்டைப் பார்த்துப் படிச்சுச் சொல்றதுதானே அதோட வேலை? அதோட நிறுத்தினா என்ன? ‘அதோ கிளை கிடக்கு, இங்க ஈர இலை, ஓரமா மான் நிக்குது’ன்னு ஹெல்மெட்டுக்குள்ள ஒரே நச்சரிப்பு. நான் என்ன மலைப்பந்தயம் ஓட்டறேனா, மாமியாரை வெந்நீர் ஊத்துக்குக் கூட்டிட்டுப் போறேனா?”

“போன வருஷம்கூட கோப்பை வாங்கினீங்களேப்பா, ரெண்டு பேரும்.”

“வாங்கினது என் கை. அந்த வாய் இல்லேன்னா இன்னொண்ணு சேர்த்து வாங்கியிருப்பேன்.”

குரோஸே பெருமூச்சு விட்டார். இலையுதிர்காலப் பந்தயம் நெருங்கிவிட்டது. இதில் ஜெயித்தால்தான், பந்தயத்துக்குப் பணம் போடும் டயர் கம்பெனி அடுத்த வருடமும் ஹதனகாவை வைத்துக்கொள்ளும். நாற்பத்தெட்டு வயதில் இந்த சீட்டை விட்டால் அவருக்கு வேறு சீட்டு கிடைக்காது. இந்த நேரத்தில் ஓட்டுகிறவரைப் பகைத்துக்கொள்ள முடியுமா?

விஷயத்தைக் கேட்டதும் சயோகோ, “சரிங்க” என்றாள். தன் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். ‘கழண்டுச்சு தொல்லை’ என்று ஹதனகாவுக்கு ஒரே குஷி.

புதிதாக வந்த நீமுரா பேச்சில் படு கஞ்சன். “வலது நாலு.” “இடது மூணு.” அவ்வளவுதான். பயிற்சி ஓட்டத்தில் ஹதனகாவுக்கு சொர்க்கத்தில் ஓட்டுவது போலிருந்தது.

அந்த சொர்க்கம் மலையுச்சி வளைவு வரைக்கும்தான். கார் சாலையோரப் பள்ளத்தில் ஒருக்களித்துப் படுத்தது.

தவழ்ந்து வெளியே வந்த நீமுரா ஹெல்மெட்டைக் கழற்றி எறிந்தான். “அவ்ளோ பெரிய கல்லு கிடந்துச்சே, பார்க்கலையா?”

“வெயில் கண்ணுல அடிச்சிருச்சுப்பா.”

நீமுரா அண்ணாந்து பார்த்தான். வானம் முழுக்க மேகம்.

“எனக்குப் பெண்டாட்டி பிள்ளைங்க இருக்குங்க” என்று சொல்லிவிட்டு அன்றைக்கே ரயில் ஏறிவிட்டான்.

அந்த வெயில் சாக்குக்கு குரோஸே அசைந்து கொடுக்கவில்லை. “முதல்ல கண்ணை டெஸ்ட் பண்ணிட்டு வா. அப்புறம்தான் சாவி.”

கண்ணாடிக் கடைக்காரர் ஒபாதா, பார்வைப் பலகையில் இருந்த, ஒரு பக்கம் வாய் திறந்த வளையங்களைக் காட்டி, எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று கேட்டார். ஹதனகா மேல், கீழ் என்று அடித்துவிட்டதில் ஒன்றிரண்டு தப்பித்தவறி சரியாக இருந்தன.

“கான்டாக்ட் லென்ஸ் போட்டுடுங்க. கண்ணாடின்னா ஊரே சிரிக்கும்.”

“மலைத்தூசி உள்ள போனா பாதி வழியில கண்ணைக் கசக்குவீங்களா, ஸ்டியரிங்கைப் பிடிப்பீங்களா?”

“அப்ப லேசர் ஆபரேஷன்?”

“கண்ணு தேறி வரணும். அதுக்குள்ள உங்க பந்தயம் முடிஞ்சுடும். கண்ணாடியே போதும். எங்க, ஹெல்மெட்டை மாட்டிட்டுக் கீழ உட்காருங்க. கார்ல உட்கார்ற மாதிரி காலை நீட்டுங்க.”

கடைக்கு வந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, ஹதனகா கடையில் இருந்த ஒரு தட்டைப் பிடித்து ஸ்டியரிங் போலத் திருப்பினார். ஒவ்வொரு ஃபிரேமாக உள்ளே நுழைத்துப் பார்த்தார் ஒபாதா. காதில் வளைகிற கம்பிகள் ஹெல்மெட் மெத்தையில் முட்டிக் கோணின. ஹதனகா ஆசைப்பட்ட குட்டிக் கண்ணாடியில் பக்கவாட்டுப் பாதையே தெரியவில்லை. கடைசியில் நேரான மெல்லிய கம்பியும் உடையாத அகல லென்ஸும் உள்ள ஒன்று வழுக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தது.

“ஹெல்மெட் மாட்டினப்புறம் கண்ணாடி. கழட்டறப்ப கண்ணாடிதான் முதல்ல. மாத்திடாதீங்க.” ஒபாதா தயங்கினார். “ஆமா, இந்தப் பார்வை கெட்டு வருஷக்கணக்கா ஆகியிருக்கும் போலிருக்கே. எப்படித்தான் மலையில ஓட்டினீங்க?”

“எல்லாம் அனுபவம்!” ஹதனகா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

பந்தயத்துக்கு வேறு ஆள் அகப்படவில்லை. குரோஸே ஒரு பெட்டி இனிப்புடன் போய்க் குனிந்து நின்றார். சயோகோ மறுக்காமல் வந்துவிட்டாள்.

வண்டி கிளம்பியது.

“வலது நாலு.”

அப்புறம் சத்தமே இல்லை.

“இடது மூணு.”

மறுபடியும் மௌனம். முறிந்து கிடந்த கிளை தூரத்திலேயே பளிச்சென்று தெரிந்தது. ஒதுங்கி ஓட்டினார். ஓரத்தில் மான் நின்றது. அதையும் பார்த்துவிட்டார். சயோகோ மட்டும் வாயே திறக்கவில்லை. ‘மனசுல வெச்சிருக்கா. நான் செஞ்சதுக்கு வேற எப்படி இருப்பா?’ என்று ஹதனகாவுக்கு உறுத்தியது.

கோப்பை அவர்களுக்குத்தான். குரோஸே குதித்தார்.

ஹதனகா கண்ணாடியை உருவிவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினார்.

“ஏங்க சயோகோ, எம்மேல கோவமா?”

“எதுக்குங்க கோவம்?”

“கிளை, மான் எதையுமே சொல்லலையே நீங்க.”

“அதான் இப்ப உங்களுக்கே தெரியுதே.”

இத்தனை நாள் நச்சரிப்பு என்று நினைத்தாரே, அதுதான் தன் பார்வையாக இருந்தது என்று ஹதனகாவுக்கு அப்போதுதான் உறைத்தது.

“தெரிஞ்சுமா பக்கத்துல உட்கார்ந்தீங்க? முதலாளிகிட்ட சொல்லியிருக்கலாமே!”

“சொன்னா உங்க சீட்டு போயிடும். உங்ககிட்ட மட்டும் சொல்லிப் பார்த்தேன், கண்ணைக் காட்டுங்கன்னு. வாயை மூடுன்னுட்டீங்க.”

இடுப்பு ஒடியக் குனிந்தார் ஹதனகா. தன் உயிரைப் பக்கத்து சீட்டில் வைத்தல்லவா இவள் அவர் பிழைப்பைக் காப்பாற்றியிருக்கிறாள்!

“ஐயய்யோ, நிமிருங்க” என்றாள் சயோகோ. “எங்க வீட்டுல எனக்கு ஊமைக்கோட்டான்னுதான் பேரு. ஒவ்வொரு பந்தயம் முடிஞ்சதும் ரெண்டு நாளைக்குத் தொண்டை வலி உயிர் போகும். இன்னிக்குத்தாங்க வலிக்கலை.”