மஞ்சள் துணி கட்டிய மழைமரம்

எங்கள் அடுக்குமாடிக்கு எதிரே நிற்கும் மழைமரத்தின் முன்னால், மரம் அறுக்கும் இயந்திரத்தோடு ஒருவர் தயங்கி நிற்கிறார். வெட்டுவதற்காக அடிமரத்தில் பூசிய சிவப்புக் குறியை நான் காலையில் கட்டிய மஞ்சள் துணி மறைத்திருக்கிறது. எங்கள் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் மஞ்சள் துணி கட்டிய மரத்தைத் தொட எவரும் பயப்படுவார்கள் என்று நம்பித்தான் என் மனைவி ஷாலினியின் சேலையைக் கிழித்தேன். மாதந்தோறும் சன்னலிலிருந்து இந்த மரத்தைப் படம் எடுப்பாள். வெயிலில் உதிரும் இலை, பிறகு இளஞ்சிவப்புப் பூ, புகைமூட்டத்தில் மங்கிய கிளைகள். அவள் இறந்தபின் நான் எடுக்கிறேன். வேறெதையும் ஒழுங்காகச் செய்வதில்லை.

“அண்ணே, சாமி மரமா?”

“ஆமா.”

“நேத்து வந்தப்ப துணி இல்லையே லா.”

அவர் வந்த லோரியிலிருந்து ஹாரன் அலறுகிறது.

“பாஸ் விட மாட்டாரு அண்ணே. சூடம் கொளுத்தி மன்னிப்பு கேட்டுட்டு வெட்டிடுறேன். இல்லாட்டி எனக்குத் தூக்கம் வராது. சாமி பேரு என்ன?”

“ஷாலினி.”

அவர் துணியின் ஜரிகைக் கரையைப் பார்க்கிறார். என் முகத்தைப் பார்க்கிறார். பிறகு பூட்ஸைக் கழற்றிவிட்டு, வேரின்மேல் சூடத்தை ஏற்றிக் கைகூப்புகிறார்.

“ஷாலினி தாயே, கோவிச்சிக்காதே.”

வானம் இருள்கிறது. மழைக்கு முன் மூடிக்கொள்ளும் மரத்தின் இலைகள் மேலே மடங்கத் தொடங்குகின்றன. சூடம் அணைந்ததும் அவர் இயந்திரத்தை எடுப்பார். நான் மண்டியிட்டு, காற்றுப் படாதபடி இரண்டு கைகளாலும் அந்தச் சுடரை மறைத்துக்கொள்கிறேன்.