ஸ்டாப் போர்டில் நின்றவள்

திலக் நகர் முக்கில் ஸ்டாப் போர்டைக் கண்டதும் ஃபர்ஸானா காரை நிறுத்தினாள். பின்னால் வந்த டெம்போ டமாரென்று இடித்தது.

டெம்போவிலிருந்து குதித்தார் இசக்கிராஜ். "ஏம்மா, ரோடு காலியாத்தான கெடக்கு? எதுக்கு நிப்பாட்டுனிய?"

"போர்டு இருக்குல்லா, அண்ணே!"

"அது நாலு வருசமா இருக்கு. எவனாச்சும் நின்னுருக்கானா?"

சத்தம் கேட்டுக் கூடிய கூட்டம் சிரித்தது. ஸ்டியரிங்கைப் பிடித்தது வளையல் அணிந்த கையென்றால் விசாரணை எதற்கு? தீர்ப்புத்தான் முன்பே தயாராயிற்றே! தப்பு ஃபர்ஸானாமேல் விழுந்தால், அவளுடைய கார் ஓட்டும் கனவு இன்றோடு முடிந்தது.

அவளுக்குப் பக்கத்து இருக்கையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தவரை நோக்கிக் குனிந்தார் இசக்கிராஜ். "அண்ணாச்சி, பொண்டாட்டி கையில வண்டியக் குடுத்துட்டு நீங்க கடுதாசி எழுதுதியளாக்கும்?"

அவர் நிதானமாகக் கீழே இறங்கினார். "போர்டுல நிக்கணும்ங்கிறது சட்டம். பின்னால வர்றவரு இடைவெளி விட்டு வரணும்ங்கிறதும் சட்டம். தப்பு உங்க மேலதான்."

"பொண்டாட்டிக்கு வக்காலத்தா?"

"நான் புருஷன் இல்லய்யா. லைசென்ஸ் டெஸ்ட் எடுக்கிற இன்ஸ்பெக்டர்." எழுதிய தாளை ஃபர்ஸானாவிடம் கொடுத்தார். "நீங்க பாஸ்மா."

பிறகு இசக்கிராஜிடம் கையை நீட்டினார். "இப்ப உங்க லைசென்ஸக் காட்டுங்க. உங்களுக்கு யாரு பாஸ் போட்டதுன்னு பாப்போம்!"