பொன்னுருக்கு வேளையில் ஒரு தும்மல்

சண்டிலிப்பாய் மாப்பிள்ளை வீட்டு விறாந்தையில், தாலிக்கான தங்கக்காசு கரிநெருப்பின் மேல் விளிம்பிழந்து இளகிக்கொண்டிருக்கிறது. பொன்னில் ஒரு துணுக்கும் குறைந்துவிடக் கூடாதென்று, தாய்மாமன் குணபாலன், பொன்னுருக்கும் பத்தரின் கைகளையே இமைக்காமல் பார்த்தபடி, முழங்காலோடு முழங்கால் இடிக்க அமர்ந்திருக்கிறார். புகை சுழன்றேற, ஊதுகுழல் பத்தரின் உதட்டிலிருந்து விலகுகிறது; மூக்கு விடைக்கிறது, வாய் மெல்லத் திறக்கிறது. “ஐயோ பத்தர், தும்மிப்போடாதேங்கோ! நல்ல காரியமெல்லே!” என்று மாப்பிள்ளையின் தாய் பத்மாசினி அலறுகிறார். குணபாலன் பாய்ந்து, பத்தரின் மூக்கை இரு விரல்களால் இறுகப் பற்றிக்கொள்கிறார். தும்மல் உள்ளேயே அமுங்குகிறது. “விடுங்கோ ஐயா, பொன் உருகீட்டுது,” என்று அடைத்த குரலில் பத்தர் கெஞ்சுகிறார். “பொறும், தும்மல் அடங்கட்டும்!” என்கிறார் குணபாலன். வீடு முழுவதும் மூச்சடக்கி அந்த மூக்கையே பார்க்கிறது. கீழே, திரண்டு மினுங்கும் பொன்னருகே பத்தரின் இரு கைகளும் பார்ப்பாரின்றித் தனித்திருக்கின்றன.