வல்லரசு காட்டிய இடம்

"அதோ, அந்தச் சாம்பல் மேடு தெர்தா சார்? அதான் எங்க ஊரு சுடுகாடு."

காருக்குள் உட்கார்ந்தபடியே கையை நீட்டிக் காட்டினான் வல்லரசு. பேராசிரியர் மேத்யூ இறங்கிப் போய்ச் செல்போனில் படம் பிடித்தார். திரும்பி வந்து, "இன்னொரு தடவை சொல்லுங்க" என்று அவன் முகத்தையும் வீடியோவில் சேர்த்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் மேத்யூவுக்கு வீட்டில் இருப்புக் கொள்ளாது. எண்ணூர்ப் பக்கத்துப் பொட்டல் வெளியில் காரை ஓட்டிக்கொண்டு, எங்கே உப்பளம் இருந்தது, எங்கே ஊர் இருந்தது என்று கேட்டு எழுதுவார். அனல்மின் நிலையம் கொட்டிய சாம்பலையும் கரண்ட் கோபுரத்தையும் தவிர ஒன்றுமில்லாத இடத்தில் என்ன வரலாறோ, அவருக்கே வெளிச்சம்.

இன்று விம்கோ நகரில் வல்லரசை ஏற்றிக்கொண்டார். அவன் ஊரைக் காலி செய்து வெகுநாளாகிறது. செத்தவர்களை மட்டும் இன்னும் பழைய இடுகாட்டுக்கே கொண்டுபோகிறார்கள். பட்டா கிடையாது, கல் நடும் பழக்கமும் கிடையாது.

போன வருஷம் மூச்சுத் திணறிச் செத்துப்போன அவன் மகள் சிவந்தியும் அந்த ஊர் இடுகாட்டில்தான் கிடக்கிறாள். காரில் ஏறியதிலிருந்து அவளைப் பற்றியேதான் பேசிக்கொண்டு வந்தான். அந்தப் பக்கம் ஏதோ கம்பெனி பைப் போடப் போகிறது என்று கேள்விப்பட்ட நாளிலிருந்து அவனுக்கு இதே நினைப்புதான். பிள்ளையைத்தான் காப்பாற்ற முடியவில்லை, பிள்ளை கிடக்கும் மண்ணையாவது காப்பாற்ற வேண்டாமா?

திரும்பும் வழியில், முள்செடி மண்டிய காலி நிலத்தோரம் மேத்யூ வண்டியை நிறுத்தினார். அவசரம். பேண்ட் ஜிப்பில் கை வைத்தபடி புதருக்குள் நடந்தார்.

"சார், அங்க வோணாம்! பாம்பு கீது!"

செருப்பைக் காரிலேயே உதறிவிட்டு ஓடிவந்து அவரைப் பிடித்து இழுத்தான் வல்லரசு. பேராசிரியர் பயந்துபோய் எதிர்ப்பக்கம் போய் வேலையை முடித்துக்கொண்டு வந்தார்.

"இந்த இடத்துல முன்னாடி என்ன இருந்தது?"

"இங்கயா? ஒன்னியும் இல்ல சார். சும்மா பொறம்போக்கு."

"ஊர்க் கிணறு ஒன்னு இருந்ததாமே?"

"அது வேற இடம் சார். உங்கள மாதிரி படிச்சவங்கதான் வந்து கேட்டாங்க. காட்டுனோம். அடுத்த மாசமே லாரில மண்ண கொண்டாந்து மூடிட்டானுங்க."

மேத்யூவுக்குச் சங்கடமாகிவிட்டது. காரை டீக்கடைக்கு ஓட்டினார். அங்கே யாரிடமோ ரொம்ப நேரம் போனில் பேசிவிட்டுச் சிரித்த முகத்தோடு வந்தார்.

"வல்லரசு, உங்ககிட்ட ஒன்னு மறைச்சுட்டேன். பைப் கம்பெனிமேல நாங்க கேஸ் போட்டிருக்கோம். ஊர்க்காரர் ஒருத்தர் சுடுகாட்டை அடையாளம் காட்டினா, அதைத் தொட மாட்டோம்னு ஒத்துக்கிட்டாங்க. முன்னாடியே சொல்லியிருந்தா, நான் சொல்லிக்கொடுத்துப் பேச வெச்சேன்னு சொல்வாங்க."

கடைக்காரர் நீட்டிய டீ கிளாஸை வல்லரசு வாங்கிக்கொண்டான்.

"உங்க வீடியோவை இப்பத்தான் அனுப்பினேன். ரெண்டு பக்க வக்கீலும் ஏத்துக்கிட்டாங்க. நீங்களே உங்க வாயால சொன்னது, இனிமே யாராலும் மாத்த முடியாது. அந்தச் சாம்பல் மேட்டுப் பக்கம் ஒரு பய வரமாட்டான்."

"அப்ப... பைப்பு?"

"அது அவங்க வெச்சிருந்த ரெண்டாவது வழிக்கு மாறிடுச்சு. பாம்பு இருக்குன்னு என்னை இழுத்தீங்களே, அந்தக் காலி நிலம் வழியா போகுது. காலையில மண்ணு தோண்ட மெஷின் வந்துடும். உங்க பாப்பா நிம்மதியா தூங்கட்டும்."

வல்லரசு டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு அவர் கையைப் பிடித்தான்.

"எம் பொண்ணு அந்த முள்ளுச்செடிக்குள்ளதான் கீறா, சார்."