பென்சில் டிக்

'நூறு வயது வரை நோயில்லாமல் வாழ ஒரே ஒரு மாத்திரை' என்று அப்பாவுக்குக் காலையிலேயே மெயில் வந்திருந்தது. அப்பா போய் அன்றோடு பன்னிரண்டு நாள்.

மகள் அதை அழித்தாள். அடுத்தது லாட்டரி, அதற்கடுத்தது வழுக்கையில் முடி முளைக்க எண்ணெய். ஆள் போனது ஊருக்கே தெரிந்தும் இந்தக் குப்பைக்கு மட்டும் தெரியவில்லை, அதுபாட்டுக்கு வந்து விழுந்துகொண்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. விரல் மட்டும் வேலை செய்தது.

பென்ஷனை நிறுத்தச் சொல்லி எழுதியதற்குப் பதில் வந்ததா என்று பார்க்கத்தான் அப்பாவின் கம்ப்யூட்டரைத் திறந்தாள். குப்பைக்கு நடுவே ஒரு வக்கீல் அகப்பட்டான்.

'உங்கள் தூரத்து உறவினர் ஒருவர் வெளிநாட்டில் வாரிசு இல்லாமல் காலமாகிவிட்டார். அவருடைய சொத்து முழுவதும் தங்களையே சேரும்.' உலகமெல்லாம் சுற்றி நைந்துபோன அதே கதை. பச்சைப்பிள்ளைகூட நம்பாது. அப்பா நம்பியிருக்கிறார்! ஃபைல் கட்டணம், முத்திரைக் கட்டணம், வரி என்று பதினோரு மாதமாக, மாதம் தவறாமல் பணம் அனுப்பியிருக்கிறார்.

அப்பா என்ன லேசுப்பட்ட ஆளா? பேங்கில் முப்பது வருஷம் செக்கில் இருக்கும் கையெழுத்தைச் சரிபார்க்கிற வேலை. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். ஒத்துப்போனால் ஓரத்தில் பென்சிலால் பொடிசாக ஒரு டிக். ஒத்துப்போகாவிட்டால் மேனேஜரே வந்து நின்றாலும் அந்த டிக் விழாது.

அப்பேர்ப்பட்ட மனுஷனுக்கு எவனோ பட்டை நாமம் சாத்திவிட்டானே என்று அவளுக்கு வயிறு எரிந்திருக்க வேண்டும். எரியவில்லை. எல்லாம் மரத்துப்போய்க் கிடந்தது.

வக்கீலின் முதல் கடிதத்தை அப்பா பிரிண்ட் எடுத்து மேஜை டிராயரில் வைத்திருந்தார். அடியில் நீட்டி வளைத்து ஒரு கையெழுத்து. பக்கத்திலேயே அப்பாவின் பென்சில் டிக்.

"இதைப் பாருடா. முன்னப்பின்ன தெரியாதவன் கையெழுத்தை எதோட ஒத்துப் பார்த்து டிக் போட்டாரு?"

கதவோரம் நின்றிருந்த தம்பி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். "வயசாயிடுச்சுல்லக்கா. கண்ணு சரியா தெரிஞ்சிருக்காது."

"போன மாசம்கூட எனக்கு ஊசியில நூல் கோத்துக் குடுத்தாருடா!"

வேலை பார்த்த கம்பெனியை மூடியதிலிருந்தே தம்பியின் பேச்சு குறைந்துபோயிருந்தது. "வேலை கிடைச்சுதா?" என்று கேட்டால், "பார்த்துக்கிட்டிருக்கேன்" என்பான், அவ்வளவுதான். அப்பா ஒரு தடவை அவன் சட்டைப்பையில் பணம் வைத்ததற்கு, "நான் என்ன பிச்சைக்காரனா?" என்று மேஜைமேல் வீசிவிட்டுப் போனவன். மூக்குக்கு மேலே ரோஷம்.

"கம்ப்யூட்டரை இப்படிக் குடுக்கா. எல்லாத்தையும் நானே அழிச்சுத் தர்றேன். நீ கொஞ்ச நேரம் படு."

"அழிக்கவா? போலீஸ்ல பேசிட்டேன்டா. எல்லா மெயிலையும் பிரிண்ட் எடுத்துக் கொண்டுவரச் சொன்னாங்க. பணம் போன அக்கவுண்ட்டைப் பிடிச்சா, ரெண்டே நாள்ல ஆள் மாட்டிக்குவானாம்."

"விட்டுத் தொலையேன்க்கா. அப்பாவே போயிட்டாரு. இனிமே பணம் வந்து என்ன ஆகப்போகுது?"

"பணம் யாருக்குடா வேணும்? ஒரு வருஷமா அந்த மனுஷன் புதுசா ஒரு சட்டை வாங்கலை. பிரஷர் மாத்திரையைப் பாதிப் பாதியா உடைச்சுப் போட்டிருக்காரு. டப்பாவுல மிச்சம் இருக்கிறதெல்லாம் உடைச்ச பாதிதான். அவர் வாயைக் கட்டி வயித்தைக் கட்டி அனுப்பினதைத் தின்னவன் மூஞ்சியை நான் பார்க்கணும்."

குரல் ஏறவே இல்லை. கடையில் சாமான் சொல்வதுபோல் சொன்னாள்.

தம்பி அப்படியே சுவரில் சரிந்து தரையில் உட்கார்ந்தான். அவனுக்கும் அப்பாதானே, எத்தனை நாள்தான் கல்லாட்டம் நிற்பான் என்று நினைத்துக்கொண்டு அவள் பிரிண்டரைப் போட்டாள்.

தாள் ஒவ்வொன்றாக வந்து விழுந்தது. அப்பாவின் பதில்கள் எல்லாமே 'மதிப்பிற்குரிய வக்கீல் ஐயா அவர்களுக்கு' என்று ஆரம்பித்து, 'பணம் அனுப்பிவிட்டேன்' என்று முடிந்தன. சொத்து எப்போது கைக்கு வரும் என்று ஒரு தடவைகூட அவர் கேட்கவில்லை. பதினோரு மாதத்தில் ஒரே ஒரு தடவைகூட!

கடைசியில் ஒன்று மிஞ்சியது. எழுதிவிட்டு அனுப்பாமலே விட்டது. போவதற்கு முந்தின நாள் தேதி போட்டிருந்தது. அதே வக்கீலின் முகவரிக்குத்தான்.

"இதையும் சேர்த்துக் குடுத்துடறேன்" என்று சொல்லிக்கொண்டே திறந்தாள்.

தரையில் உட்கார்ந்திருந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

இதில் 'மதிப்பிற்குரிய' இல்லை, 'ஐயா' இல்லை. ஒரே ஒரு வரிதான் இருந்தது.

"இந்த மாசம் ரெண்டு நாள் லேட்டாகும்டா, அக்காகிட்ட எதுவும் சொல்லமாட்டேன், நீ வேளைக்குச் சாப்பிடு."